ஆயிரத்தில் ஒருவன் (2010) வந்தபோது உண்மையில் என்ன சொன்னார்கள்?

“செல்வராகவனின் ஆயிரத்தில் ஒருவன் 2010-ல் வந்தபோது விமர்சகர்களும் மக்களும் சேர்ந்தே திட்டினார்கள், படம் படுதோல்வி. இன்று அதே படத்தைக் காவியம் என்கிறார்கள். அன்றைய ரசிகர்களுக்குப் புரியவில்லையா, இல்லை படம் காலத்துக்கு முந்தி வந்துவிட்டதா?” இதுதான் கேள்வி.

இதில் பாதி பின்னாளில் உருவான கதை. எல்லோரும் திட்டவில்லை. படுதோல்வியும் இல்லை. ‘காலத்துக்கு முந்திய படம்’ என்கிற பட்டத்தையும் நான் நம்புவதில்லை, அது ரசிகர்களை முட்டாளாக்கிப் படத்தைக் காப்பாற்றுகிற வழி. அன்று தியேட்டரில் எழுந்த முணுமுணுப்பில் பெரும்பகுதி நியாயமானது. இன்றைய கொண்டாட்டத்திலும் நியாயம் இருக்கிறது. முடிவு வரை கதையைத் தொட்டுப் பேசப் போகிறேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதலில் படம் எந்தச் சூழலில் வந்தது என்று பார்க்கலாம். 2010 ஜனவரி 14, பொங்கல். அதே பொங்கலுக்குத் தனுஷின் ‘குட்டி’, ‘நாணயம்’, ‘போர்க்களம்’ எல்லாம் வந்தன. செல்வராகவன் அப்போது ‘7ஜி ரெயின்போ காலனி’, ‘புதுப்பேட்டை’ எடுத்து முடித்த இயக்குநர். கார்த்தி 2007-ல் ‘பருத்திவீரன்’ என்ற ஒரே படத்தில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த முகமாகி, அதன் பிறகு மூன்று வருடம் திரையிலேயே வராமல் இருந்தவர். அந்த மூன்று வருடத்தையும் இந்தப் படம்தான் விழுங்கியது. 2007-ல் சாலக்குடிக் காடுகளில் தொடங்கிய படப்பிடிப்பு ஜெய்சால்மர் மணல்வெளி, ராமோஜி பிலிம் சிட்டி என்று நீண்டுகொண்டே போனது. யுவன் இசையமைப்பதாக இருந்து, அந்த இடத்துக்கு ஜி.வி.பிரகாஷ் வந்தார். பாடல்கள் 2009-லேயே வந்துவிட்டன. ‘உன் மேல ஆசதான்’ பாட்டை ஊரே முணுமுணுத்துக்கொண்டிருக்க, படத்தைக் காணோம். போதாக்குறைக்குத் தலைப்பு எம்.ஜி.ஆரின் 1965-ம் வருடப் படத்தினுடையது. கடலும் சண்டையும் காதலுமாகப் போய் சுபமாக முடிந்த படத்தின் பெயர் அது.

இந்தக் காத்திருப்பு ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பக்கம் ஒரு தொகை. 32 கோடி. தமிழில் ஒரு சாகசப் படத்துக்கு அன்று அது பயமுறுத்துகிற எண். ரஜினியோ கமலோ இல்லாத படம், இரண்டாவது படம் நடிக்கும் ஹீரோ, அதற்கு 32 கோடியா என்று எல்லோரும் வாய் பிளந்தார்கள்.

பதினோரு வருடம் கழித்து, 2021 ஆகஸ்டில், செல்வராகவனே ட்விட்டரில் உண்மையைப் போட்டு உடைத்தார். படத்தின் நிஜமான செலவு 18 கோடிதானாம். பிரம்மாண்டப் படம் என்று பேச வைப்பதற்காக 32 கோடி என்று அறிவித்தார்களாம். என்ன ஒரு முட்டாள்தனம் என்று தன்னையே நொந்துகொண்டார். நிஜ செலவுக்கு ஏற்ற வசூல் வந்தும், சொன்ன தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்து ‘ஆவரேஜ்’ என்று முத்திரை குத்திவிட்டார்கள் என்பது அவருடைய வருத்தம்.

இந்த விஷயத்தில் என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான தகவல், ஆனால் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு படம் ‘ஹிட்டா பிளாப்பா’ என்பது வசூலை மட்டும் வைத்து முடிவாவதில்லை, வசூலை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் முடிவாகிறது. 18 கோடியில் எடுத்த படம் அதற்கு ஏற்ற வசூலோடு நின்றால், ‘வித்தியாசமான முயற்சி, தப்பித்துவிட்டது’ என்று எழுதுவார்கள். அதே வசூல், அதே படம், போஸ்டரில் மட்டும் 32 கோடி என்றால், ‘கையைச் சுட்டுக்கொண்டார்கள்’ என்று எழுதுவார்கள். தொகை ரசிகனின் கண்ணையும் மாற்றும். 32 கோடி என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தவன் ஒவ்வொரு கிராபிக்ஸ் காட்சியிலும் அந்தப் பணத்தைத் தேடுவான். படத்தின் ஆரம்பத்தில் கடலுக்குள்ளிருந்து வந்து தாக்கும் பிராணிகள், பிறகு வரும் பாம்புக் கூட்டம் இவற்றைப் பார்த்துவிட்டு ‘இதுக்கா இவ்வளவு?’ என்று கேட்டவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. 18 கோடிக்கு இவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்று அன்று தெரிந்திருந்தால் அதே காட்சிகளுக்குக் கைதட்டியிருப்பார்கள்.

சரி, விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்? ஒரே குரலில் பேசவில்லை. பாராட்டியவர்கள் துணிச்சலைப் பாராட்டினார்கள். ராம்ஜியின் ஒளிப்பதிவையும், பாழடைந்த சோழர் நகரமாகப் போடப்பட்டிருந்த அரங்கையும், ரீமா சென்னின் நடிப்பையும், பார்த்திபனின் நடிப்பையும் தனியாக எடுத்துச் சொன்னார்கள். குறை சொன்னவர்கள் நீளத்தையும் ரத்தத்தையும் இரண்டாம் பாதியின் குழப்பத்தையும் சொன்னார்கள். வெளிநாட்டு சாகசப் படங்களையும் ரோமானிய அரங்கச் சண்டைப் படங்களையும் நினைவூட்டுகிறது என்றும் எழுதினார்கள். பல விமர்சனங்களில் இரண்டும் ஒரே கட்டுரையிலேயே இருந்தன. முதல் பாதிக்கு ஒரு மதிப்பெண், இரண்டாம் பாதிக்கு ஒரு மதிப்பெண் என்று பிரித்துப் போடாத குறை. ‘கழுவி ஊற்றினார்கள்’ என்பது அந்தக் கலவையை நாமே பிறகு வெளுத்து எடுத்துக்கொண்ட நினைவு.

தியேட்டரில் நடந்தது இதைவிடச் சுவாரசியம். கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1279-ல் சோழ ராஜ்ஜியம் பாண்டியர்களிடம் வீழ்கிறது. சோழ மன்னன் தன் வாரிசையும் கொஞ்சம் மக்களையும், பாண்டியர்களின் குலதெய்வச் சிலையோடு, வியட்நாம் பக்கம் ஒரு ரகசிய இடத்துக்கு அனுப்பிவிடுகிறான். யாரும் பின்தொடராமல் இருக்க வழி நெடுக ஏழு ஆபத்துகள். இன்றைய காலத்தில், அதைத் தேடிப் போய்க் காணாமல் போன தொல்லியல் பேராசிரியரைக் கண்டுபிடிக்க அனிதா (ரீமா சென்) தலைமையில் ஒரு படை கிளம்புகிறது. பேராசிரியரின் மகள் லாவண்யா (ஆண்ட்ரியா) கூட வருகிறார். மூட்டை தூக்க வந்த கூலிகளின் தலைவன் முத்து (கார்த்தி).

இந்த 1279 சும்மா போட்ட வருடம் கிடையாது. மூன்றாம் ராஜேந்திர சோழனைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தகவல் அந்த வருடத்தோடு நின்றுபோகிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியனின் காலம் அது. அதற்குப் பிறகு பேரரசாக இருந்த சோழர் வம்சம் என்ன ஆனது என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த வெற்றிடத்தில் கதையைக் கொண்டுபோய் வைத்த யோசனைக்கு, படம் பிடிக்காதவர்கள்கூட அன்றைக்கு மதிப்புக் கொடுத்தார்கள்.

இடைவேளை வரை இது சாகசப் படம். ஒவ்வொரு ஆபத்தாக வரும், கூட வந்தவர்கள் சாவார்கள், மூன்று பேர் மட்டும் மிஞ்சுவார்கள். நடுவில் கார்த்தியின் லோக்கல் சேட்டை, இரண்டு பெண்களோடு வாய்ச்சண்டை. விசில் பறந்தது. அந்த நடராஜர் நிழல் காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. புதைமணல் பரந்து கிடக்கிறது, எங்கே கால் வைத்தாலும் உள்ளே இழுக்கும். சூரியன் ஒரு கோணத்துக்கு வரும்போது பாறைகளின் நிழல் மணலில் ஆடவல்லானின் உருவமாக விழுகிறது. நிழல் விழும் இடம் மட்டும் உறுதியான தரை. நிழல் நகர நகர அதற்குள்ளேயே ஓடித் தப்பிக்க வேண்டும். சோழர்களின் கடவுள், சோழர்களின் கலை, பொறியியல் மூளை, ஒரு துரத்தல் எல்லாம் ஒரே காட்சியில். இதற்கு வெளிநாட்டுப் படம் எதையும் காட்டி ‘சுட்டது’ என்று சொல்ல முடியாது. படம் பிடிக்கவில்லை என்று வெளியே வந்தவர்களும் இந்தக் காட்சியை விவரித்துக்கொண்டுதான் வந்தார்கள்.

அப்புறம் படம் வேறு ஒன்றாக மாறுகிறது. மூவரும் சோழர்களின் மறைவிடத்தை அடைகிறார்கள். அங்கே இருப்பது புதையலோ பொன்மாளிகையோ இல்லை. கறுத்து, வற்றி, பசியில் கிடக்கும் ஒரு கூட்டம். தஞ்சையிலிருந்து தூதுவன் வருவான், தங்களைத் திரும்பக் கூட்டிப் போவான் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள். பார்த்திபன் நடித்த அரசன் அழுக்கும் ஆங்காரமும் பிடித்தவன். இரும்புக் குண்டைச் சுழற்றும் மல்லன் ஒருவனை விட்டு ஆட்களை நசுக்கிக் கொல்லும் விளையாட்டை நடத்துகிறான். பட்டினி கிடக்கும் மக்கள் அதற்கு ஆரவாரம் செய்கிறார்கள். இந்தப் பக்கம் அனிதா, நாம் இத்தனை நேரம் கதாநாயகி என்று நினைத்தவர், பாண்டிய வம்சத்து வாரிசு. தூதுவன் வேடம் போட்டு உள்ளே நுழைந்து, தண்ணீரில் விஷம் கலந்து, படையை வரவழைத்து அந்த இனத்தையே முடித்துக் கட்டுகிறார். கார்த்தி? இரண்டாம் பாதியில் நெடுநேரம் ஒரு ஓரத்தில் நிற்கிறார்.

அன்றைய பார்வையாளனின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். யாருக்காகக் கைதட்டுவது? ஹீரோ செயலற்று நிற்கிறான். கதாநாயகி கொலைகாரி. அரசன் கொடூரன். மக்கள் பரிதாபம், ஆனால் பார்க்கவே அருவருப்பு. ஒரு மணி நேரம் சாகசப் படத்தின் சுவையைக் காட்டிவிட்டு, இரண்டாவது பாதியில் ஒரு இனத்தின் அழிவை உட்கார்ந்து பார் என்றால், அதுவும் பொங்கலன்று, ‘ஏ’ சான்றிதழ் என்று தெரிந்தும் தெரியாமலும் குடும்பத்தோடு வந்தவனிடம் சொன்னால், அவன் கோபப்படாமல் என்ன செய்வான்? ‘புரியவில்லை’ என்று அவன் சொன்னதில் பாதி, ‘நான் இதற்கு வரவில்லை’ என்பதுதான். விளம்பரம் முழுக்கப் புதையல் வேட்டை, வாள், காடு, கார்த்தி. சோகக் காவியம் பார்க்கப் போகிறோம் என்று எந்தப் போஸ்டரும் சொல்லவில்லை.

மீதிப் பாதி நிஜமாகவே புரியாதது. சோழர்கள் பேசுவது பழந்தமிழ் நடை. கருத்தாக நல்ல முடிவு, எழுநூறு வருடம் தனியாகக் கிடந்தவர்கள் சென்னைத் தமிழ் பேசினால் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் அந்த வசனங்களைக் கூச்சலுக்கும் பறை முழக்கத்துக்கும் நடுவில், ஏற்கெனவே கிழிந்த ஸ்பீக்கர் உள்ள ஒரு சின்ன ஊர்த் தியேட்டரில் கேட்டவனுக்குக் கதையின் முக்கியமான திருப்பங்களே கைநழுவிப் போயின. அரசன் ஏன் அனிதாவை நம்பினான், தூதுவனுக்கான அடையாளம் என்ன, முத்து எப்படி அந்தத் தூதுவன் ஆகிறான் என்பதெல்லாம் அந்த வசனங்களுக்குள் இருக்கிறது. தமிழ்ப் படம் பார்க்கத் தமிழனுக்கே சப்டைட்டில் தேவைப்பட்டது. அன்று எந்தத் தியேட்டரில் அது போட்டார்கள்?

லாஜிக் கேள்விகளும் நிறைய ஓடின. ‘வியட்நாம் பக்கத்துத் தீவுல ராஜஸ்தான் பாலைவனம் எப்படி வந்துச்சு?’ என்பது அன்று பிரபலமான கிண்டல். இந்த ஒன்றில் மட்டும் படத்துக்கு ஆதரவாக ஒரு வார்த்தை: வியட்நாமின் முய் நே கடற்கரையில் சிவப்பும் வெள்ளையுமாக நிஜமாகவே மணல்மேடுகள் உண்டு. ஜெய்சால்மர் அளவுக்கு இல்லை, ஆனாலும் கிண்டல் செய்தவர்கள் நினைத்த அளவுக்கு அபத்தம் இல்லை. ஒரு பெண் அதிகாரியும் ஒரு அமைச்சரும் பழைய வம்சப் பகைக்காக நவீன ஆயுதங்களோடு ஒரு படையையே இழுத்துக்கொண்டு போக முடியுமா என்ற கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை.

இப்போது தெலுங்குப் பக்கம் போகலாம், ஏனென்றால் ‘தமிழ் ரசிகர்கள் தயாராக இல்லை’ என்ற வாதத்தை அங்கே சோதித்துப் பார்க்கலாம். ‘யுகானிக்கி ஒக்கடு’ என்ற பெயரில் சில வாரம் கழித்து, பிப்ரவரியில் அங்கே வந்தது. நன்றாக ஓடியது. தெலுங்கு ரசிகர்கள் நம்மைவிட முதிர்ச்சியானவர்கள் என்று இதற்கு அர்த்தமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. செல்வராகவனுக்கு ‘7ஜி’யின் தெலுங்கு வடிவத்தாலும், 2007-ல் அவர் நேரடியாக எடுத்த தெலுங்குப் படத்தாலும் அங்கே நல்ல பெயர். கார்த்தி புதுமுகம், அவர் மேல் ‘பருத்திவீரன்’ சுமை இல்லை. சோழனும் பாண்டியனும் அவர்களுக்குச் சொந்த வரலாறு இல்லை, அதனால் ‘எங்கள் சோழனை இப்படியா காட்டுவது’ என்ற உறுத்தலும் இல்லை. ஒரு வினோதமான கற்பனை சாகசமாக மட்டும் பார்த்தார்கள். அப்படிப் பார்க்கும்போது படம் நன்றாகவே வேலை செய்கிறது.

நமக்கு அப்படிப் பார்க்க முடியாமல் போனதற்கு இன்னொரு பெரிய காரணம் உண்டு. படம் வந்தது 2010 ஜனவரி. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

கடைசி அரை மணி நேரத்தை இந்தத் தேதியை மனதில் வைத்துப் பாருங்கள். பட்டினி கிடக்கும் ஒரு தமிழ்க் கூட்டம். கையில் பழைய ஆயுதங்கள். கொடியில் புலி. எதிரில் நவீன துப்பாக்கிகளோடு சீருடை அணிந்த படை. தோற்ற பிறகு சங்கிலியில் கட்டி இழுத்துப் போகப்படும் மனிதர்கள், படைவீரர்களிடம் சிக்கிச் சீரழியும் பெண்கள், அதைப் பார்த்துக்கொண்டே சாகும் அரசன். தாய்மண்ணுக்குத் திரும்புவோம் என்ற நம்பிக்கை கடைசிவரை நிறைவேறாமல் போவது. வைரமுத்து எழுதிய ‘தாய் தின்ற மண்ணே’ பாட்டு படம் வருவதற்கு முன்பே, 2009-ல், காதில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வருடம் அந்தப் பாட்டைக் கேட்ட ஒரு ஈழத்தமிழருக்கு அது தஞ்சையைப் பற்றிய பாட்டாக மட்டும் இருந்திருக்குமா?

படப்பிடிப்பு 2007-லேயே தொடங்கிவிட்டது. அதனால் எல்லாமே முள்ளிவாய்க்காலை வைத்து யோசித்தது என்று சொல்வது கணக்குக்குப் பொருந்தாது. சோழர் கொடியில் புலி இருப்பதும் வரலாறு. ஆனால் போரும் இடப்பெயர்வும் அதற்குப் பல வருடம் முன்பிருந்தே நடந்துகொண்டிருந்தவை, அவற்றின் சாயல் கதைக்குள் வந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. எப்படி வந்திருந்தாலும், பார்த்தவர்களில் பலர் அதைத்தான் பார்த்தார்கள். புலம்பெயர்ந்த தமிழர்கள் இந்தப் படத்தைப் பற்றிப் பேசிய தொனியே தமிழ்நாட்டுத் தொனியிலிருந்து வேறாக இருந்தது. இங்கே ‘இரண்டாம் பாதி இழுவை’ என்று பேச்சு, அங்கே இரண்டாம் பாதியைப் பார்க்கவே முடியவில்லை என்று பேச்சு, இழுவையால் இல்லை. அன்றைய பத்திரிகை விமர்சனங்களில் பல இந்த விஷயத்தைத் தொடாமலேயே நகர்ந்துவிட்டன. அன்றைய விமர்சகர்கள் மேல் எனக்கு இருக்கும் ஒரே பெரிய குறை இதுதான். கிராபிக்ஸைப் பற்றி நாலு பத்தி எழுதியவர்கள் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

பிறகு எப்படிக் காவியமானது? ஒரே நாளில் ஆகவில்லை. டிவியில் அடிக்கடி போட்டார்கள். யூடியூபில் வந்தது. வீட்டில் நிறுத்தி, பின்னால் போய், வசனத்தைத் திரும்பக் கேட்க முடிந்தது. தியேட்டரில் கைநழுவிய திருப்பங்கள் எல்லாம் இரண்டாவது, மூன்றாவது தடவையில் பிடிபட்டன. ஒவ்வொரு காட்சியையும் பிரித்து மேய்ந்து விளக்கம் சொல்லும் வீடியோக்கள் வந்தன. காசு கொடுத்து டிக்கெட் எடுத்துப் பண்டிகைக்குப் போனவனுக்கு இருக்கும் கணக்கு, ராத்திரி பதினோரு மணிக்கு செல்போனில் சும்மா பார்ப்பவனுக்கு இல்லை. 2013-க்குப் பிறகு வளர்ந்த பையன்களுக்கு 32 கோடி என்ற எண்ணே தெரியாது. அவர்கள் படத்தை மட்டும் பார்த்தார்கள்.

‘பாகுபலி’ 2015-ல் வந்த பிறகு இன்னொரு பேச்சு சேர்ந்தது: நம்மவர் ஐந்து வருடம் முன்பே, அதுவும் எத்தனையோ மடங்கு குறைந்த பணத்தில் செய்து பார்த்தார் என்று. 2022-ல் ‘பொன்னியின் செல்வன்’ வந்ததும் மீம் போடுபவர்களுக்குக் கொண்டாட்டம். சோழர்களைத் தேடிப் போன முத்துவே வந்தியத்தேவன், சோழ அரசனாக இருந்த பார்த்திபனே சின்னப் பழுவேட்டரையர். இதற்கு நடுவில் 2021 டிசம்பர் 31 அன்று படத்தைத் திரும்பத் தியேட்டர்களில் வெளியிட்டபோது கூட்டம் வந்தது. பார்த்திபன் முகத்தில் பூச்சோடு ஆடிக்கொண்டு வரும் அந்த அறிமுகக் காட்சிக்கு, முதல் தடவை சிலர் சிரித்த அதே காட்சிக்கு, இந்தத் தடவை ஆர்ப்பரிப்பு. ஆனால் இந்த ரீ-ரிலீஸுக்கு வந்தவர்கள் கதை முழுக்கத் தெரிந்தே வந்தவர்கள், ஏமாற வாய்ப்பே இல்லாதவர்கள். 2010 கூட்டத்தையும் 2021 கூட்டத்தையும் ஒப்பிட்டு, ரசிகன் வளர்ந்துவிட்டான் என்று சொல்வது சரியில்லை.

முதலில் சரியாகப் போகாத எல்லாப் படத்துக்கும் இப்படி மறுவாழ்வு கிடைப்பதும் இல்லை. அதே செல்வராகவன் 2013-ல் ‘இரண்டாம் உலகம்’ எடுத்தார். அதுவும் கற்பனை உலகம், அதுவும் பெரிய செலவு, அதுவும் கடும் விமர்சனம். இத்தனை வருடமாகியும் அதைக் காவியம் என்று யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. ஆகவே ‘காலம் வந்தால் எல்லாம் புரியும்’ என்று கிடையாது. ஆயிரத்தில் ஒருவனுக்குள் திரும்பத் திரும்பப் பார்க்க வைக்கிற சரக்கு இருந்தது: ரீமா சென்னின் நடிப்பு, நடராஜர் நிழல், பி.பி.ஸ்ரீனிவாஸும் பாம்பே ஜெயஸ்ரீயும் பாடிய ‘பெம்மானே’, அந்தப் பசித்த முகங்கள். இவை 2010-லும் அங்கேதான் இருந்தன, அன்றைக்கே பலர் பார்த்துச் சொல்லவும் செய்தார்கள்.

இன்றைய ரசிகர்கள் பேசாமல் விடும் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் பாதியில் முத்து அந்த இரண்டு பெண்களிடமும் பேசும் பேச்சு அன்றைக்கே நெளிய வைத்தது, இன்றைக்கு இன்னும் அதிகம். காட்டுவாசிகளைக் கூச்சலிடும் மிருகக் கூட்டமாகக் காட்டியிருப்பது சோம்பேறித்தனம். ஒரு தொலைந்துபோன இனத்தின் வலியைச் சொல்ல வந்த படம், வழியில் இன்னொரு இனத்தைச் சுட்டுத் தள்ளிவிட்டுத்தான் போகிறது. லாவண்யா தொல்லியல் அறிந்தவர் என்ற பெயரோடு வந்து, முக்கால்வாசி நேரம் அலறுவதற்கு மட்டும் பயன்படுகிறார். இறுதியில் வரும் பாலியல் வன்முறைக் காட்சிகளின் நீளத்தை நியாயப்படுத்த என்னால் முடியவில்லை. அங்கே சொல்ல வேண்டியது பாதி நேரத்திலேயே சொல்லப்பட்டுவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சோழப் பெருமை பேசும் பதிவுகளுக்கெல்லாம் இந்தப் படத்தின் காட்சிகளைத்தான் பின்னணியாக ஓட்டுகிறார்கள். படத்தில் எங்கே இருக்கிறது அந்தப் பெருமை? அரசன் தன் மக்களையே அரங்கில் சாகவிடுபவன். மக்களோ, இனி இல்லாத ஒரு தஞ்சையை எழுநூறு வருடமாகக் கனவு கண்டு, அந்தக் கனவாலேயே அழிகிறார்கள். 2010-ல் ‘சோழனை இப்படியா காட்டுவது’ என்று கோபப்பட்டவர், காட்சியைப் பார்த்துத்தான் கோபப்பட்டார். இப்போது மார் தட்டுபவர் காட்சியைப் பார்த்தாரா என்றுதான் எனக்குச் சந்தேகம்.

இரண்டாம் பாகத்தைப் பற்றியும் கேட்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். 2021 புத்தாண்டு அன்று, தனுஷ் நடிக்க, 2024-ல் வரும் என்று அறிவித்தார்கள். 2024 வந்து போய்விட்டது, படம் வரவில்லை. முத்து சோழ இளவரசனைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதோடு முதல் பாகம் நிற்கிறது. அதையே ஒரு முடிவாக எடுத்துக்கொண்டு பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. பார்ப்பதென்றால் நல்ல ஒலி அமைப்பில், முடிந்தால் சப்டைட்டிலோடு, இரண்டாம் பாதிக்கு முன் ஒரு டீ இடைவெளி விட்டுப் பாருங்கள்.